அலியா, லூயிஸா? முதலில் எத்தனை ரவுண்டு என்று சொல்லுங்கள்

1969-இல் மயாமியில், கூட்டமே இல்லாத ஒரு ஸ்டூடியோவுக்குள் முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் குத்துச்சண்டை போட்டார்கள். அலிக்கு 27 வயது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தையும் உரிமத்தையும் பறிகொடுத்து, ஆட்டமில்லாமல் இருந்த காலம். மார்சியானோவுக்கு 45. ஓய்வுபெற்றுப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்தப் படப்பிடிப்புக்காகவே இருபது கிலோவுக்கு மேல் இளைத்து, வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கும் மேல் எடுத்தார்கள். அலி விழுவது போல, மார்சியானோ விழுவது போல, ரத்தம் வழிந்து ஆட்டம் நிற்பது போல, எல்லா முடிவையும் படம்பிடித்து வைத்தார்கள். எந்த முடிவு திரையில் வரும் என்று இருவருக்குமே தெரியாது. அதை ஒரு கம்ப்யூட்டர் சொல்லும் என்பதுதான் விளம்பரம்.

இந்தக் கூத்தைக் கிளப்பியவர் மர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர். 1967-இல் பதினாறு பழைய ஹெவிவெயிட்களை வைத்து வானொலியில் ஒரு கற்பனைப் போட்டித் தொடர் நடத்தினார். குத்துச்சண்டை எழுத்தாளர்களிடமும் விவரம் தெரிந்தவர்களிடமும் கருத்துக் கேட்டு, அதை என்.சி.ஆர். 315 கம்ப்யூட்டருக்குள் செலுத்தி, வந்த முடிவை நேர்முக வர்ணனை போல ஒலிபரப்பினார். கடைசியில் டெம்ப்ஸியைத் தோற்கடித்து மார்சியானோ வென்றார். அலி கால் இறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாகக் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. வெள்ளையர்கள் தங்கள் இனத்தின் மானத்தைக் காக்கப் போகிறவர் என்று நம்பி ஒரு காலத்தில் கிழவராக ரிங்குக்கு இழுத்து வந்தார்களே, அந்த ஜெஃப்ரிஸ். அலிக்குக் கோபம் வராதா? பத்து லட்சம் டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். சமரசம் பேசப் போனதில்தான் இந்தப் படம் பிறந்தது.

படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரத்தில் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-ஆவது பிறந்தநாள். 1970 ஜனவரி 20-ஆம் தேதி படம் திரைக்கு வந்தது: பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக்அவுட் வெற்றி. ஐரோப்பாவில் ஓடிய இன்னொரு பிரதியில் வென்றவர் அலி! அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்ததாக இருக்கும் என்று அலி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம் இருக்கிறது. 'யார் பெரியவன்' என்று டீக்கடையில் நாம் அடிக்கும் அரட்டைக்கும் வொரோனரின் இயந்திரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே என்ன போட்டார்களோ அதைத்தான் அது துப்பியது. நாமும் அப்படித்தான். ஆனால் அந்த அரட்டையே வீண் என்று ஒதுக்குகிற ஆள் நான் இல்லை. எனக்கு அது பிடிக்கும், மணிக்கணக்கில் பேசுவேன். என் ஒரே நிபந்தனை: இரண்டு பெயரை மட்டும் சொல்லி 'யார் ஜெயிப்பாங்க' என்று கேட்கக் கூடாது. எந்த வருடத்து ஆள், எந்த வருடத்து ரிங், எத்தனை ரவுண்டு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ரவுண்டு கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று உலகப் பட்டத்துக்கான ஆட்டம் 12 ரவுண்டு. 1982-இல் கொரிய வீரர் டுக் கூ கிம், ரே மன்சினியுடன் ஆடிய பிறகு இறந்துபோனதைத் தொடர்ந்துதான் 15 என்பது 12 ஆகத் தொடங்கியது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக 15 ரவுண்டுதான் வழக்கம். அந்த மூன்று ரவுண்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். இரண்டு இரவுகளைப் பாருங்கள்.

1941 ஜூன் 18, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். நான்கு வருடமாக சாம்பியனாக இருக்கும் ஜோ லூயிஸுக்கு எதிரே பில்லி கான். லைட் ஹெவிவெயிட்டிலிருந்து வந்தவர், எடையில் லூயிஸைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் குறைவு. ஆனால் காலும் கையும் அவ்வளவு வேகம். பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது நடுவர் மூவரில் இருவரின் அட்டையில் கான் முன்னிலை, மூன்றாமவரிடம் சமநிலை. அப்போதே மணி அடித்து ஆட்டம் முடிந்திருந்தால் புதிய சாம்பியன் பில்லி கான். ஆனால் பதின்மூன்றாவது ரவுண்டு இருந்தது. நாக்அவுட் செய்துவிடலாம் என்ற ஆசையில் கான் நின்று அடித்தார். அந்த ரவுண்டு முடிய இரண்டு நொடி இருக்கையில் லூயிஸ் அவரைக் கீழே சாய்த்தார்.

1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட், எதிரே மார்சியானோ. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ விழுந்தார், அதுவரை அவர் விழுந்ததே இல்லை. பன்னிரண்டு ரவுண்டு முடிவில் மூன்று அட்டையிலும் வால்காட் முன்னிலை. பதின்மூன்றாவதில் கயிற்றருகே ஒரு வலது கைக் குத்து, சில அங்குலம்கூடப் பயணம் செய்யாத குத்து. வால்காட் ஒரு கையைக் கயிற்றில் தொங்கவிட்டபடி மடங்கிச் சரிந்தார்.

49 ஆட்டம், 49 வெற்றி, 43 நாக்அவுட் என்று மார்சியானோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கணக்கு இருக்கிறதே, இன்றைய விதியில் அது உடைந்திருக்கும். லூயிஸின் 25 பட்டக் காப்புகளும் நடுவிலேயே அறுந்திருக்கும். இதனால் அவர்கள் சின்னவர்கள் ஆகிவிடவில்லை. பதினைந்து ரவுண்டுக்கு உடம்பைத் தயார் செய்தவர்கள் பதினைந்து ரவுண்டுக்குத்தான் ஆடுவார்கள். மார்சியானோவின் பலமே எதிராளி களைக்கும் நேரத்தில் தான் களைக்காமல் இருப்பது. அவரை 12 ரவுண்டு ரிங்கில் கொண்டுபோய் நிறுத்துவது, கடைசி ஓவர்களில் அடித்து ஜெயிக்கிற ஆட்டக்காரனிடம் முதல் பதினைந்து ஓவரோடு மேட்ச் முடிந்தது என்று சொல்வது மாதிரி.

ரவுண்டு மட்டுமா? டெம்ப்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 ஜூலை 4, டோலிடோ. எதிரே ஆறரை அடி உயர ஜெஸ் வில்லார்டு. முதல் ரவுண்டில் ஏழு தடவை வில்லார்டு விழுந்தார். அந்தப் படத்தை இன்று பார்க்கிறவர்கள் டெம்ப்ஸியின் ஆவேசத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் அவர் நிற்கும் இடத்தைப் பார்ப்பேன். விழுந்தவரின் தலைமாட்டிலேயே நிற்கிறார். எழுந்து முட்டி தரையைவிட்டு மேலே வந்ததும் அடுத்த குத்து. அன்றைக்கு அது செல்லும். எட்டு வருடம் கழித்து, 1927 செப்டம்பரில் சிகாகோவில் ஜீன் டன்னியை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தியபோதும் டெம்ப்ஸி பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே நின்றார். இப்போது விதி வேறு: அடித்தவன் தூரத்து மூலைக்குப் போனால்தான் எண்ண ஆரம்பிப்பார்கள். அவர் போகத் தாமதித்த நொடிகள் டன்னிக்குக் கிடைத்தன. பத்து எண்ணுவதற்குப் பதில் சுமார் பதினான்கு நொடி. டன்னி எழுந்து, ஓடி ஆடிச் சமாளித்து, புள்ளிகளில் வென்றார். ஒரே ஆள், அதே குணம். ஒரு ரிங்கில் அவரை அரசனாக்கிய பழக்கம் இன்னொரு ரிங்கில் பட்டத்தைத் தவறவிட்டது. 'டெம்ப்ஸி டைசனை அடிப்பாரா' என்று கேட்பவரிடம் எந்த விதியில் என்று நான் திருப்பிக் கேட்பது வீம்புக்காக அல்ல.

சரி, அடுத்த தலைவலிக்கு வருவோம். 'அ' ஆனாவை 'ஆ' ஆவன்னா அடித்தான், ஆவன்னாவை இனா அடித்தான், ஆகவே இனா பெரியவன் என்று பள்ளிக்கூடக் கணக்குப் போடுவோர் உண்டு. எழுபதுகளின் ஹெவிவெயிட்கள் இந்தக் கணக்கைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

1971 மார்ச் 8-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ ஃப்ரேசியர் அலியைத் தோற்கடித்தார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தடவை தரையில் போட்டார். அதே ஆண்டு மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். 1974 மார்ச்சில் காரகாஸில் ஃபோர்மன் அந்த நார்ட்டனை இரண்டே ரவுண்டில் முடித்தார். ஆக, அலியை வென்ற இருவரையும் ஃபோர்மன் துவைத்துப் போட்டுவிட்டார். பள்ளிக்கூடக் கணக்குப்படி அலி ஃபோர்மனிடம் செத்திருக்க வேண்டும். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன்.

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை, ஆட்டமுறைதான். ஃப்ரேசியர் குனிந்து, தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே வருவார். உயரமான அலியின் ஜாப் அவர் தலைக்கு மேலே போகும், அந்த இடைவெளியில் இடது ஹூக். அலி அப்பர்கட் போடும்போது வலது கை தாழ்கிறது என்பதை ஃப்ரேசியரின் பக்கம் இருந்த எட்டி ஃபட்ச் கவனித்திருந்தார். ஃபட்ச் எமகாதகர். நார்ட்டனுக்கும் அவர்தான் குரு. அலி ஜாப் போடும் அதே கணத்தில் நீயும் ஜாப் போடு என்று சொல்லிக் கொடுத்தார். காலை இழுத்து இழுத்து வரும் நார்ட்டனின் தாளம் அலிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மூன்று ஆட்டம், மொத்தம் 39 ரவுண்டு, மூன்றும் இழுபறி.

ஆனால் ஃப்ரேசியர் குனிந்து வந்து நிமிரும் இடத்தில் ஃபோர்மனின் அப்பர்கட் காத்திருந்தது. உள்ளே வருபவரை இரண்டு கையாலும் நெட்டித் தள்ளி, தனக்கு வசதியான தூரத்தில் நிறுத்தி வைத்து அடிப்பது ஃபோர்மனின் வேலை. நார்ட்டனோ பின்வாங்கும்போது நேர்க்கோட்டில் பின்வாங்குவார். பிற்பாடு எர்னி ஷேவர்ஸ், ஜெர்ரி கூனி என்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்த எல்லோரிடமும் அவர் முதல் ரவுண்டிலேயே மாட்டிக்கொண்டார். அலி குனிந்து உள்ளே வரும் ஆள் அல்ல. கின்ஷாசாவில் முதல் ரவுண்டிலேயே ஜாப் இல்லாமல் நேரடியாக வலது கையை வீசினார். யாரும் எதிர்பார்க்காத துணிச்சல். அப்புறம் கயிற்றில் சாய்ந்து, ஃபோர்மன் அருகே வந்தால் கழுத்தைப் பிடித்து அழுத்தி, அவர் வீசி வீசிக் கை சோர்ந்ததும் எழுந்து அடித்தார். ஃப்ரேசியரால் செய்ய முடியாததை அலியின் உயரம் செய்தது, நார்ட்டனால் தாங்க முடியாததை அலியின் தாடை தாங்கியது. இதை ஏதாவது ஒரு மதிப்பெண் பட்டியலில் அடக்கிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

கற்பனையை விடுங்கள், இரண்டு தலைமுறை நிஜமாகவே மோதிய ஆட்டங்கள் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கின்றன. பெரும்பாலும் பார்க்கச் சகிக்காதவை.

1910 ஜூலை 4-இல் ரீனோவில் ஜாக் ஜான்சனுக்கு எதிராக ஜெஃப்ரிஸை நிறுத்தினார்கள். தோல்வியே காணாமல் ஓய்வுபெற்று விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், எடை 136 கிலோவைத் தாண்டியிருந்தது. கறுப்பர் ஒருவர் சாம்பியனாக இருப்பது பொறுக்காமல் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தார்கள். முப்பது கிலோவுக்கு மேல் குறைத்துக்கொண்டு வந்து பதினைந்தாவது ரவுண்டில் தோற்றார். அதற்கான பழிவாங்கலாக அமெரிக்கா முழுக்கக் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள். ஆட்டத்தின் படத்தைப் பல ஊர்களில் தடை செய்தார்கள். 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லக் கூடாது என்று சட்டமே வந்தது. ஜான்சன் இளமையில் எப்படி ஆடினார் என்று நாம் வாதாடும்போது கையில் இருப்பது கையால் சுற்றிய கேமராவின் தாவித் தாவி ஓடும் படங்கள்தான். அதை வைத்து 'அந்தக் காலத்து ஆட்களுக்கு டெக்னிக் கிடையாது' என்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். 1936-இல் இளம் லூயிஸின் ஆட்டத்தைப் பார்த்து, ஜாப் போட்டுவிட்டு இடது கையைத் தாழ்த்துகிறான், ஷ்மெலிங் இவனை அடிப்பான் என்று முன்கூட்டியே சொன்னவர் இதே ஜான்சன். லூயிஸின் எதிராளியான ஷ்மெலிங்கும் படம் போட்டுப் பார்த்து அதே ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். பன்னிரண்டாவது ரவுண்டில் லூயிஸ் விழுந்தார். இரண்டு வருடம் கழித்து யாங்கி ஸ்டேடியத்தில் 124 நொடியில் லூயிஸ் பழிதீர்த்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

1951-இல் வரிக்கடனுக்காகத் திரும்பி வந்த 37 வயது லூயிஸை மார்சியானோ எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். சிறுவயதிலிருந்து ஆராதித்தவரை அடித்துவிட்டோமே என்று அன்றிரவு அழுதாராம். 1980 அக்டோபரில் அலி தன் பழைய பயிற்சித் துணைவர் லாரி ஹோம்ஸிடம் மாட்டிக்கொண்டார். பத்து ரவுண்டு அடிவாங்கியதும் அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்தினார். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அலி மெட்ராசுக்கு வந்திருந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம், எம்.ஜி.ஆருடன் மேடை. நம் ஊர் பார்த்தது ஓய்வுபெற்றுச் சற்றே ஊதியிருந்த அலியை. அவர் அதோடு நின்றிருக்கலாம். 1988-இல் ஹோம்ஸின் முறை: 38 வயதில் டைசனிடம் நான்காவது ரவுண்டு. இவற்றை வைத்து மார்சியானோ லூயிஸைவிடப் பெரியவர், ஹோம்ஸ் அலியைவிடப் பெரியவர் என்று யாராவது தீர்ப்புச் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

இந்த வரிசையில் ஒன்று மட்டும் தலைகீழ். 1994 நவம்பர் 5. ஃபோர்மனுக்கு 45 வயது, சாம்பியன் மைக்கேல் மூரருக்கு 26. ஒன்பது ரவுண்டும் கிழவர் ஜாப் வாங்கிக்கொண்டே நடந்தார், அட்டைகளில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார். பத்தாவதில் ஒரு சின்ன வலது கை. மூரர் மல்லாந்து கிடந்தார். கின்ஷாசாவில் போட்ட அதே கால்சட்டையை ஃபோர்மன் அன்று அணிந்திருந்தார் என்பது விசிறிகளுக்கு இனிக்கிற தகவல். எனக்கு அதைவிட முக்கியம், அதற்கு மூன்று வருடம் முன்பு அவர் ஹோலிஃபீல்டோடு பன்னிரண்டு ரவுண்டும் நின்றது. அந்த ஹோலிஃபீல்டுதான் 1996-இல் டைசனை வீழ்த்தினார். எழுபதுகளின் ஆள், அதுவும் உடம்பு பருத்து வேகம் போன நிலையில், தொண்ணூறுகளின் சிறந்தவர்களோடு நிற்க முடிந்தது. பழையவர்கள் இன்றைக்கு ஒரு ரவுண்டுகூடத் தாங்கமாட்டார்கள் என்ற பேச்சுக்கு என்னிடம் இருக்கும் பதில் ஃபோர்மன்தான்.

இப்படிப் பாலமாக நின்ற இன்னொருவர் ஆர்ச்சி மூர். 1955-இல் மார்சியானோவின் கடைசி எதிராளி, இரண்டாவது ரவுண்டில் அவரை விழவும் வைத்தார். 1962-இல் காஷியஸ் கிளே என்ற இளைஞனோடு, அதாவது பின்னாளைய அலியோடு, ஆடி நான்காவது ரவுண்டில் தோற்றார். 1974-இல் ஃபோர்மனின் மூலையில் நின்றார். மார்சியானோவின் குத்தையும் அலியின் குத்தையும் தன் தாடையிலேயே வாங்கிப் பார்த்தவர் அவர். கம்ப்யூட்டருக்குப் பதில் வொரோனர் மூரையே உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம்.

உடம்பு அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் 'மார்சியானோ குள்ளம்' என்று கடிதம் வரும். உண்மைதான். பட்டம் வென்ற இரவில் மார்சியானோவின் எடை சுமார் 84 கிலோ, உயரம் ஆறடிக்குக் குறைவு. இன்றைக்கு அவர் 91 கிலோவுக்குக் கீழே ஆடும் குரூஸர்வெயிட். டைசன் ஃப்யூரி ஆறடி ஒன்பது அங்குலம், 2024 டிசம்பரில் அவர் எடை 127 கிலோவுக்கு மேல். அப்படியானால் ஆட்டமே தேவையில்லையா? அந்த டிசம்பர் இரவில் ஃப்யூரியை ரியாத்தில் வென்றவர் 102 கிலோ உசிக், குரூஸர்வெயிட்டிலிருந்து மேலே வந்தவர். அந்த ஆண்டு மே மாதத்திலும் அவர்தான் வென்றார். இருபத்தைந்து கிலோ வித்தியாசத்தைக் கால்களால் சமாளிக்கலாம் என்று உசிக் காட்டிவிட்டார். நாற்பது கிலோவுக்கு மேல் என்றால்? அங்கே நான் மார்சியானோவை அனுப்பமாட்டேன், என் மனசு கேட்காது. உசிக் அளவே உயரமுள்ள அலியை, 1966-இன் அலியை, தாராளமாக அனுப்புவேன்.

இப்போது தீர்ப்புகள். எல்லோரும் கேட்கும் அலி, லூயிஸ்.

1966 நவம்பர், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் கரைத்த அலி. எதிரே 1938-இல் ஷ்மெலிங்கை நொறுக்கிய லூயிஸ். உயரத்தில் ஒன்றிரண்டு அங்குலம், கை நீளத்தில் இரண்டு அங்குலம் அலிக்கு அதிகம். பெரிய வித்தியாசம் அல்ல. லூயிஸைப் போல அளந்து அடித்த ஹெவிவெயிட் இன்னொருவர் இல்லை. குத்து ஒவ்வொன்றும் ஆறேழு அங்குலம்தான் போகும், ஒன்று பட்டால் பின்னாலேயே நான்கு வரும். ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து மெல்ல நடந்து வருபவர். கால் வேகமுள்ளவர்கள் அவரைப் படுத்தினார்கள். கான் படுத்தியதைச் சொன்னேன். 1937-இல் பாப் பாஸ்டர் பத்து ரவுண்டும் ஓடியே சமாளித்தார். கானைவிடப் பதினைந்து கிலோவுக்கு மேல் அதிகமுள்ள ஒரு கான் இருந்தால்? அவர்தான் 1966-இன் அலி.

அலியின் பலவீனமும் இடது ஹூக்தான். கையைத் தாழ்த்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தப்பிக்கும் அவர் பழக்கத்துக்கு அதுதான் கூலி. 1962-இல் சன்னி பேங்க்ஸ், 1963-இல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர், 1971-இல் ஃப்ரேசியர், மூவரும் இடது ஹூக்கில்தான் அவரை விழவைத்தார்கள். லூயிஸின் இடது ஹூக் இந்த மூவரின் ஹூக்கையும்விடக் குட்டையானது, கண்ணுக்குத் தெரியாதது. 1967-இல் லூயிஸே 'தி ரிங்' இதழில் கிளேயைத் தான் எப்படி அடித்திருப்பேன் என்று எழுதினார். எழுத அவருக்கு உரிமை உண்டு.

என் தீர்ப்பு: 15 ரவுண்டு, இன்றைய நாக்டவுன் விதி என்றால் அலி ஒரு தடவை விழுவார், எழுவார், புள்ளிகளில் வெல்வார். கூப்பரிடம் விழுந்தபோதும் ஃப்ரேசியரிடம் விழுந்தபோதும் உடனே எழுந்தார் என்பதால் சொல்கிறேன். 12 ரவுண்டு என்றால் இன்னும் சுலபம். ஆனால் 1919 டோலிடோ விதிப்படி, விழுந்தவன் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம் என்றால் லூயிஸ் மேல்தான் என் பணம். லூயிஸ் அப்படி ஒருவரைத் தப்பவிட மாட்டார்.

மார்சியானோ, ஃப்ரேசியர் ஆட்டம் இதைவிட எனக்கு இனிக்கும், ஏனென்றால் இருவரும் பின்வாங்கத் தெரியாதவர்கள். ஃப்ரேசியர் ஆரம்பத்தில் சூடேற நேரம் எடுப்பவர். 1966-இல் ஆஸ்கர் பொனவெனா இரண்டாவது ரவுண்டில் அவரை இரண்டு முறை விழவைத்தார். மார்சியானோ வாழ்நாளிலேயே இரண்டு முறைதான் விழுந்தார். ஆனால் முகம் கிழியும். எஸார்ட் சார்ல்ஸுடன் இரண்டாவது ஆட்டத்தில் மூக்கே பிளந்து தொங்கியது. ஃப்ரேசியருக்குப் பத்துக் கிலோ அதிகம், கை வேகமும் அதிகம். 12 ரவுண்டில் ஃப்ரேசியர், புள்ளிகளில். 15 ரவுண்டில், டாக்டர் நடுவில் வந்து நிறுத்தாவிட்டால், பதினான்காவதில் மார்சியானோ.

லிஸ்டன், டைசன் விஷயத்தில் எனக்கும் ராயபுரத்து நண்பர் ஒருவருக்கும் தீராத வழக்கு. அவர் டைசன் வெறியர், என்னைவிடச் சின்னவர்.

"அண்ணே, லிஸ்டனுக்குக் கை நீளம், சரி. டைசன் உள்ள பூந்துட்டா கை நீளத்த வச்சு என்ன பண்றது?"

"பேட்டர்ஸனும் அப்படித்தான்டா பூந்தான். ரெண்டு ஆட்டமும் முதல் ரவுண்டுலயே போயிட்டான்."

"பேட்டர்ஸன் தாடை கண்ணாடிண்ணே. டைசன் கழுத்தப் பாத்திருக்கீங்கல்ல?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃப்ளாய்ட் பேட்டர்ஸனை நான் சும்மா இழுக்கவில்லை. அவரும் டைசனும் ஒரே குரு கஸ் டமாட்டோவின் பிள்ளைகள், இரண்டு கையும் கன்னத்தோடு ஒட்டி, தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே பாயும் அதே முறை. அதை லிஸ்டன் 1962-இலும் 63-இலும் இரண்டே நிமிடத்தில் உடைத்தார். 84 அங்குலக் கை நீளம், அதுவும் கட்டையால் இடிப்பது மாதிரி ஜாப். டைசனுக்கு 71 அங்குலம். டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் டைசனை எதை வைத்து மடக்கினார்? நீளமான ஜாபை வைத்துத்தான். "அன்னைக்கு டைசன் டைசனே இல்லண்ணே" என்பார் நண்பர். அன்றைய டைசனைத் தள்ளிவிட்டு 1988-இல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்தவரையே கொண்டுவந்தாலும் எனக்கு லிஸ்டன்தான், ஆறு ரவுண்டுக்குள். ஆறு தாண்டினால் டைசன். மயாமியில் கிளேயிடம் ஸ்டூலிலிருந்து எழ மறுத்த லிஸ்டனையும் நான் மறக்கவில்லை.

இவ்வளவு பேசினாலும், உண்மையாக எனக்கு வயிற்றெரிச்சல் தருபவை வேறு. காலமும் விதியும் குறுக்கே நிற்காமல், ஒரே சமயத்தில் வாழ்ந்தும் நடக்காமல் போன ஆட்டங்கள். ஜாக் ஜான்சன் சாம்பியன் ஆனபிறகு சாம் லாங்ஃபர்டுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. டெம்ப்ஸிக்கும் ஹாரி வில்ஸுக்கும் ஒப்பந்தம்வரை போயிற்று, ஆட்டம் நடக்கவில்லை. வில்ஸ் கறுப்பர் என்பதும், ஜான்சனுக்குப் பிறகு இன்னொரு கறுப்பர் சாம்பியனாக வருவதை முதலாளிகளும் அதிகாரிகளும் விரும்பவில்லை என்பதும் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. வயது முதிரும்வரை வில்ஸைக் காக்கவைத்துவிட்டார்கள்.

என் தலைமுறைக்குக் கிடைக்காமல் போனது லெனாக்ஸ் லூயிஸ், ரிடிக் போவ். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் லெனாக்ஸ் போவை இரண்டாவது ரவுண்டில் நிறுத்தியிருந்தார். 1992 நவம்பரில் போவ் ஹோலிஃபீல்டை வென்று சாம்பியன் ஆனார், மூலையில் அதே எட்டி ஃபட்ச். லெனாக்ஸோடு ஆடு என்றபோது, லண்டனில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தப் பட்டத்தின் பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார் போவ். ஆட்டம் நடக்கவே இல்லை. 1994-இல் ஆலிவர் மெக்காலின் ஒரு வலது கையில் லெனாக்ஸ் விழுந்தார். மெக்காலின் பயிற்சியாளர் எமானுவல் ஸ்டீவர்டையே பிறகு தன் பக்கம் அழைத்துக்கொண்டார், அதற்குப் பிறகுதான் ஜாபை நம்பி ஆடும் பெரிய லெனாக்ஸ் வந்தார். 1993-இல் நடந்திருந்தால் போவ், பன்னிரண்டு ரவுண்டும் போய், புள்ளிகளில். 1997 என்றால் லெனாக்ஸ், ஐந்து ரவுண்டு போதும்.